மாநாட்டுக்குப் போகிறாய், ஊரையும் பார்த்து வா

சேலம்
ஜூலை 12

அன்புள்ள மலருக்கு,

உன் ஆய்வு ஃப்ளாரன்ஸ் மாநாட்டுக்குத் தேர்வாகிவிட்டது என்று உன் அப்பா போன் செய்து சொன்னான். தாய்ப்பால் வங்கிக்காக நீயும் உன் வார்டு நர்ஸுகளும் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அந்த வேலை ஒரு மாவட்ட ஆஸ்பத்திரிப் பதிவேட்டோடு நின்றுவிடாமல் வெளியே போகிறது என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயணத் திட்டத்தையும் படித்தேன். மாநாடு நான்கு நாள். அதில் கடைசி நாளை விட்டுவிட்டு, மேலே ஐந்து நாள் சேர்த்து, ரோம், பைசா, வெனிஸ், மிலான், கோமோ ஏரி என்று ஓடி வரப் பார்க்கிறாய். 'இவ்வளவு தூரம் போய்விட்டுப் பார்க்காமல் வந்தால் எப்படி அத்தை' என்று கீழே ஒரு வரி வேறு. பார்க்காமல் வராதே. மாநாட்டுக் கூடத்தையும் ஹோட்டல் அறையையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிய டாக்டர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காக நான் வருத்தப்பட்டிருக்கிறேன். ஆனால் எதைப் பார்ப்பது என்பதை டூர் கம்பெனிப் பட்டியலிலிருந்து எடுக்காதே, உன் தொழிலிலிருந்து எடு. பச்சிளங்குழந்தைகளைப் பார்க்கிற டாக்டருக்கு அந்த நாட்டில் எத்தனையோ இருக்கின்றன. கூட்டம் அவற்றைக் கவனிக்காமலே தாண்டிப் போகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் மாநாட்டு நாள்கள். நான்கும் மாநாட்டுக்கே, கடைசி நாளும் சேர்த்து. நீ அங்கே இருக்கும்போது இங்கே பச்சிளங்குழந்தைகள் சிறப்புப் பிரிவில் (எஸ்.என்.சி.யு.) உன் நைட் டியூட்டியை இன்னொருத்தர் பார்க்கிறார். வென்டிலேட்டரில் இருக்கிற 900 கிராம் குழந்தையை உன் பொறுப்பிலிருந்து தன் பொறுப்புக்கு வாங்கிக்கொண்டுதான் உன்னை அனுப்புகிறார். அவரிடம் மாநாடு என்று சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் சாய்ந்த கோபுரத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்கக் கூடாது கண்ணு. ஊர் பார்க்கிற நாள்கள் உன் சொந்த விடுப்பில், சொந்தப் பணத்தில் இருக்கட்டும். விண்ணப்பத்திலேயே பிரித்து எழுது: இந்தத் தேதிமுதல் இந்தத் தேதிவரை மாநாடு, பணி நாள் (ஓ.டி.); அதற்குப் பிறகு ஈட்டிய விடுப்பு (ஈ.எல்.). அரசுப் பணியில் இருப்பவர் வெளிநாடு போக முன் அனுமதி வேண்டும், அந்தக் கோப்பு மேசை மேசையாக நகர நாளாகும். இந்த வாரமே கொடுத்துவிடு.

விசாவிலும் இதே மாதிரி பிரித்துச் சொல். ஷெங்கன் விசாவை நாள் கணக்கில்தான் தருகிறார்கள். எத்தனை நாள் என்று ஸ்டிக்கரிலேயே அச்சடித்திருக்கும். மாநாட்டுக் கடிதத்தை மட்டும் வைத்தால் மாநாட்டு நாள்களுக்கு மட்டும் விசா வந்துவிடலாம். அதனால் முகப்புக் கடிதத்தில் மாநாடு எத்தனை நாள், ஊர் பார்ப்பது எத்தனை நாள், எந்த ஊர் என்று தேதி போட்டு எழுது. ஒவ்வோர் இரவுக்கும் தங்குமிடப் பதிவு இணை. ரத்து செய்யக்கூடிய பதிவாகப் பார்த்துச் செய். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத்துக்கு 15 நாள் முன்னால்வரை விண்ணப்பிக்கலாம் என்று விதி சொல்கிறது. அதை நம்பி உட்கார்ந்திராதே, நேரம் ஒதுக்கிக் கிடைப்பதே கஷ்டம். ஆகஸ்டில் முடித்துவிடு.

சென்னையிலிருந்து ஃப்ளாரன்ஸுக்கு நேர் விமானம் கிடையாது. ரோமில் இறங்கி வெனிஸில் ஏறுகிற மாதிரி டிக்கெட் பார். போன ஊருக்கே திரும்பி வந்து விமானம் பிடிப்பதில் ஒரு நாள் வீணாகும். ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸுக்கு வேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். மாநாடு தொடங்க இரண்டு நாள் முன்னால் போய்ச் சேர். அக்டோபர் கடைசி ஞாயிறுவரை அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். முதல் இரண்டு நாள் மாலை ஏழு மணிக்கே கண் சொருகும், விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அந்த நிலையில் யாரோடும் வேலை பேச முடியாது. ஆனால் அந்த விழிப்பு ஊர் பார்க்க உதவும். காலை ஏழு மணிக்குப் பொன்தே வெக்கியோ பாலத்துக்கு நடந்து போ. நகைக் கடைகளின் மரக்கதவுகள் சாத்தியிருக்கும், ஆர்னோ ஆற்றின் மேல் வெளிச்சம் வர ஆரம்பித்திருக்கும். பத்து மணிக்குப் போனால் அதே பாலத்தில் தோளோடு தோள் இடிக்கும்.

மாநாடு நடக்கிற பலாத்ஸோ தெய் கோங்ரெஸி, சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நடக்கும் தூரத்தில் அறை எடு. நகர வரி என்று ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ஹோட்டலில் தனியாக வாங்குவார்கள், பதறாதே.

போஸ்டரைத் துணியில் அச்சடி. மடித்துக் கைப்பெட்டியில் வைத்துவிடலாம், குழாயைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம். உனக்குக் கொடுத்த நேரம் முழுக்க அதற்குப் பக்கத்திலேயே நில். முதல் அரை மணி யாரும் வராமல் இருக்கலாம். நீ காபி குடிக்கப் போகிற ஐந்து நிமிடத்தில்தான் வர வேண்டியவர் வந்து பார்த்துவிட்டுப் போவார். பிரேசில்காரர்களைத் தேடிப் பிடித்துப் பேசு. உலகத்திலேயே பெரிய தாய்ப்பால் வங்கி வலையமைப்பு அவர்களுடையது, 200க்கு மேற்பட்ட வங்கிகள். அங்கே பல ஊர்களில் தீயணைப்புப் படையினரே வீடு வீடாகப் போய்த் தாய்மார் கொடுக்கிற பால் பாட்டிலை வாங்கி வருகிறார்கள். வீட்டிலிருந்து பால் கெடாமல் வந்து சேருவதுதானே உன் சிக்கல்? பாட்டிலை யார் கொடுக்கிறார்கள், வண்டியில் குளிர்ச்சி எப்படிக் காக்கிறார்கள், முதல் முறை கொடுக்கிற தாயின் ரத்தப் பரிசோதனை எங்கே நடக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்.

இன்னொன்றை இன்றைக்கே செய். ஃப்ளாரன்ஸில் மையர் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு தாய்ப்பால் வங்கி இருக்கிறது. மாநாடு முடிந்த மறுநாள் ஒரு மணி நேரம் வந்து பார்க்கலாமா என்று, உன் ஆய்வுச் சுருக்கத்தை இணைத்து, மின்னஞ்சல் எழுது. பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து மறுபடியும் எழுது. 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குவது பெரும்பாலான வங்கிகளில் ஒன்றுதான். ஆனால் லேபிளை யார் ஒட்டுகிறார்கள், ஃப்ரீசரில் எந்த வரிசையில் அடுக்குகிறார்கள், மின்சாரம் போனால் யாருக்குப் போன் போகிறது என்பதை எந்த மேடைப் பேச்சிலும் சொல்ல மாட்டார்கள். நேரில் நின்றால்தான் கண்ணில் படும். வெளிநாடு போய் நான் பார்த்தவற்றில் என் மனத்தில் அதிகம் தங்கியவை மற்றவர்களுடைய வார்டுகள்தான்.

இனி ஊர். ரயில் நிலையத்திலிருந்து இருபது நிமிடம் நடந்தால் சாந்திஸிமா அன்னுன்சியாத்தா சதுக்கம். அதன் ஒரு பக்கம் முழுக்க, படிகளுக்கு மேலே, மெல்லிய தூண்களும் அரைவட்ட வளைவுகளுமாக ஒரு நீண்ட தாழ்வாரம். வளைவுகளுக்கு இடையில் அண்ணாந்து பார். நீல வட்டங்களுக்குள் வெள்ளைக் குழந்தைகள், இடுப்பிலிருந்து கால்வரை துணி சுற்றி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கும். ஒன்றிரண்டு குழந்தைகளுக்குச் சுற்றிய துணி அவிழ்ந்து தொங்கும். அந்திரேயா தெல்லா ரொப்பியா 1487இல் சுட்ட மண்ணில் செய்து மெருகேற்றியவை. உனக்கு உடனே அடையாளம் தெரியும், அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் சின்னத்திலுள்ள குழந்தை இங்கிருந்து போனதுதான்.

அதுதான் ஒஸ்பெதாலே தெல்யி இன்னொசெந்தி. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென்றே கட்டிய இல்லம். கட்டியவர் புருனெல்லெஸ்கி, ஃப்ளாரன்ஸ் பேராலயத்தின் பெரிய குவிமாடத்தை எழுப்பியவர். 1419இல் வேலை தொடங்கியது. பணம் கொடுத்தது பட்டு வணிகர் சங்கம். அதற்கும் முன்னால், பக்கத்து ஊரான பிராத்தோவின் வணிகர் பிரான்செஸ்கோ தாத்தீனி இப்படி ஓர் இல்லத்துக்காக 1,000 ஃப்ளோரின் பொற்காசு உயில் எழுதி வைத்திருந்தார். 1445 பிப்ரவரி 5 அன்று முதல் குழந்தை வந்தது. பெண் குழந்தை. அன்று புனித அகதாவின் திருநாள், அதனால் அகதா ஸ்மெரால்தா என்று பெயரிட்டார்கள். பிற்காலத்தில் தாழ்வாரத்தின் ஓரத்தில் கம்பி போட்ட ஒரு ஜன்னல் வைத்தார்கள். கம்பிகளுக்கு நடுவில் பச்சிளங்குழந்தை மட்டுமே நுழையும் இடைவெளி. 1875இல் அதை மூடினார்கள். இடம் இன்றும் இருக்கிறது, போய்ப் பார்.

பாலுக்கு என்ன செய்தார்கள் என்றுதான் நீ கேட்பாய். செவிலித்தாய்மார். சிலர் இல்லத்திலேயே தங்கினார்கள். பெரும்பாலான குழந்தைகளைச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்த பெண்களிடம் கூலி பேசி அனுப்பி வைத்தார்கள். எந்தக் குழந்தை, என்ன துணி சுற்றி வந்தது, யாரிடம் போனது, எவ்வளவு கூலி என்று எழுதிய பேரேடுகள் அந்த இல்லத்தின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பல குழந்தைகள் திரும்பி வரவில்லை. நீ மைனஸ் 20 டிகிரியில் பெயர் எழுதிச் சேமிக்கிற அதே பாலைத்தான், பெற்றவள் இல்லாத குழந்தைக்கு இன்னொருத்தி தருகிற பாலைத்தான், அவர்கள் மலைக் கிராமங்களில் தேடினார்கள்.

உள்ளே அருங்காட்சியகத்தில் ஒரு பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு குழந்தையின் பெயர். நீயே இழுத்துத் திறக்கலாம். ஒன்றில் பாதியாக வெட்டிய பதக்கம். வெட்டிய விளிம்பு நேராக இருக்காது, வளைந்து நெளிந்திருக்கும். இன்னொன்றில் கண்ணாடி மணி, மற்றொன்றில் நூலில் கட்டிய சிலுவை, உடைந்த காசு. பதக்கத்தின் மறுபாதி தாயிடம் இருந்தது. என்றைக்காவது திரும்பி வந்தால், இரண்டு விளிம்பும் பொருந்துகிறதா என்று வைத்துப் பார்த்துத் தன் குழந்தையை மீட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம். இழுப்பறையில் கிடப்பது ஒரு பாதி மட்டும். அங்கே மணிக்கணக்கானாலும் பரவாயில்லை, அவசரப்படாதே. மேல்மாடியில், இல்லத்துத் துணிகளை உலர்த்திய திறந்த மாடத்தில், இப்போது ஒரு கஃபே இருக்கிறது. அங்கே உட்கார்ந்து ஏதாவது சாப்பிட்டுவிட்டு மறுபடி இறங்கிப் போய்ப் பார்.

இன்னொரு விஷயம். தொடக்கக் காலத்தில் அங்கே வந்த குழந்தைகளில் ஆணைவிடப் பெண்ணே அதிகம். அதே நகரத்தில் 1425இல் அரசே ஒரு வரதட்சிணை நிதி தொடங்கியது. மகள் சிறு பிள்ளையாக இருக்கும்போது தகப்பன் அதில் பணம் போட்டு வைப்பான், கல்யாணத்தின்போது வட்டியோடு மாப்பிள்ளைக்குப் போய்ச் சேரும். இல்லத்தில் வளர்ந்த பெண்களையும் வரதட்சிணை கொடுத்துத்தான் கட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. சேலத்துக்காரி இதைப் படிக்கிற விதமே வேறு. 1992இல் நம் ஊரில், பெண் சிசுக்கொலையைத் தடுக்க, தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியபோது நான் இங்கே அரசு ஆஸ்பத்திரியில் இருந்தேன். கள்ளிப்பாலுக்குத் தப்பி வந்த பெண் குழந்தைகளைக் கையில் வாங்கியிருக்கிறேன். நம் மண்ணில் மட்டும்தான் இந்தக் கொடுமையோ என்று உள்ளுக்குள் குறுகிய தலைமுறை எங்களுடையது. சிற்பத்துக்கும் ஓவியத்துக்கும் உலகமே கொண்டாடுகிற நகரம், தன் செல்வம் உச்சத்தில் இருந்த காலத்திலேயே, அகதாக்களை வாசலில் வாங்கிக்கொண்டிருந்தது என்று அங்கே போய்த் தெரிந்துகொண்டேன். ஆறுதலுக்காக இதை எழுதவில்லை. பெண்ணைப் பெற்றவனுக்குக் கல்யாணச் செலவு எப்போதெல்லாம் மலையாகத் தெரிகிறதோ அப்போதெல்லாம் தொட்டிலில் எது நடக்கிறது என்பதை நீ இங்கே பார்த்துவிட்டாய், அங்கேயும் பார். அந்த நிறுவனம் இன்னும் இயங்குகிறது. குழந்தைக் காப்பகங்களும் தாய்-சேய் இல்லங்களும் நடத்துகிறது. யுனிசெஃப் 1988இல் ஃப்ளாரன்ஸில் தொடங்கிய ஆய்வு மையமும் இன்னொசெந்தி என்ற பெயரில்தான் அறியப்படுகிறது.

அங்கிருந்து ஐந்தாறு நிமிட நடையில் சாந்தா மரியா நுவோவா ஆஸ்பத்திரி. 1288இல் தொடங்கியது, இன்றும் ஆஸ்பத்திரியாகவே நடக்கிறது. தொடங்கியவர் ஃபோல்கோ போர்த்தினாரி, கவிஞர் தாந்தே நேசித்த பெயாத்ரிச்சேயின் தகப்பன். லியோனார்தோ தா வின்சி இங்கேதான் ஒரு முதியவரைச் சந்தித்தார். நூறு வயதைத் தாண்டிவிட்டேன், பலவீனத்தைத் தவிர உடம்பில் ஒன்றும் இல்லை என்று அவரிடம் சொன்ன முதியவர், சற்று நேரத்தில் படுக்கையில் உட்கார்ந்தபடியே அமைதியாக இறந்துபோனார். அவ்வளவு இதமான சாவுக்குக் காரணம் என்ன என்று அறிய லியோனார்தோ அந்த உடலை அறுத்துப் பார்த்து, ரத்தக் குழாய்கள் வறண்டு சுருங்கிக் கிடந்ததை எழுதி வைத்தார். இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் உடலையும் அறுத்துப் பார்த்து, அதில் எல்லாமே நேர்மாறாக இருந்ததைக் குறித்தார். குழந்தை என்பது சின்ன அளவுப் பெரியவர் இல்லை என்று நாம் மாணவர்களுக்கு முதல் நாள் சொல்கிறோமே, அதை ஒருவர் கத்தியோடு நின்று கண்டறிந்த இடம் அது.

உஃபிசி அருங்காட்சியகத்துக்கு அரை நாள் கொடு. திங்கட்கிழமை மூடியிருக்கும், முன்பதிவு செய்துவிட்டுப் போ. பொத்திச்செல்லியின் வீனஸைப் பார். பார்த்துவிட்டு ஹூகோ வான் டெர் கூஸ் வரைந்த பெரிய மூன்று பலகை ஓவியத்தைத் தேடிப் போ. அதே போர்த்தினாரி குடும்பத்தில் வந்த தொம்மாஸோ, புரூஜ் நகரத்தில் மெதிச்சி வங்கியைக் கவனித்துக்கொண்டிருந்தபோது வரையச் சொன்னது. 1483இல் வந்து சேர்ந்து சாந்தா மரியா நுவோவா ஆஸ்பத்திரியின் தேவாலயத்தில் இருந்தது. நடுவில் இப்போதுதான் பிறந்த குழந்தை இயேசு, துணியில்லாமல், வெறும் தரையில். மெலிந்த கை கால்கள். சுற்றிலும் மாதாவும் தேவதூதர்களும் இடையர்களும் வணங்கியிருக்கிறார்கள். யாருமே குழந்தையைத் தொடவில்லை. உன்னைப் போன்றவளுக்கு அந்தக் கணமே கை நீளும்: துடைத்து, போர்த்தி, தாயின் மார்பில் வைக்க வேண்டும் என்று. எத்தனையோ ஓவியங்களைப் பார்த்து மறந்திருக்கிறேன், அந்தக் குழந்தையை மறக்கவில்லை.

மிக்கேலாஞ்செலோவின் தாவீது சிலை இன்னொசெந்திக்குப் பக்கத்துத் தெருவில், அக்காதெமியா அருங்காட்சியகத்தில். சிலையின் கழுத்தில் வலப்பக்கத்துச் சிரை புடைத்திருப்பதை 2019இல் ஓர் அமெரிக்க இதய மருத்துவர் ஆய்விதழில் எழுதினார். சண்டைக்கு முந்தைய பதற்றத்தில் இருக்கிற ஆளின் கழுத்து. நம் கண்ணோடு போனால்தான் அது தெரியும்.

பைசா, மிலான், கோமோ மூன்றையும் அடித்துவிடு. ஊர் மாறுகிற ஒவ்வொரு முறையும் அரை நாள் போய்விடும். அறையைக் காலி செய்து, பெட்டியை இழுத்து, ரயில் பிடித்து, புது அறை மூன்று மணிக்குத்தான் என்று கேட்டு, பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு அலைவதற்குத்தான் அது சரியாக இருக்கும். ரோம் ஒரு மாலையில் பார்க்கிற ஊர் இல்லை. இறங்கியதும் ரயில் ஏறிவிடு, அதற்கென்று தனியாக இன்னொரு முறை போகலாம். இந்த முறை ஃப்ளாரன்ஸில் ஒன்றரை நாள், பாதோவாவில் ஒரு நாள், வெனிஸில் இரண்டு நாள். டிக்கெட்டிலும் அறிவிப்புப் பலகையிலும் ஃபிரென்ஸே, பாதோவா, வெனெத்ஸியா என்றே இருக்கும். வெனிஸ் போகிற வேக ரயில் பாதோவாவில் நின்று போகும்.

பாதோவாவை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். டாக்டர்களுக்கு அதைவிட முக்கியமான ஊர் இத்தாலியில் இல்லை என்பது என் எண்ணம். 1222இல் தொடங்கிய பல்கலைக்கழகம். அதன் பழைய மாளிகையான பலாத்ஸோ போவில் 1595இல் மரத்தால் கட்டிய உடற்கூறு அரங்கம் அப்படியே நிற்கிறது. நீள்வட்டமாக, குறுகலாக, அடுக்கடுக்காக மேலே போகிற படிகள். உட்கார இடமே கிடையாது. மாணவர்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே மேசையைக் குனிந்து பார்த்தார்கள். வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள். மேசை இருந்த இடத்தில் நிறுத்தி மேலே பார்க்கச் சொல்வார்கள். சிரைகளின் வால்வுகளைப் பற்றி ஃபப்ரீசியுஸ் பாடம் நடத்தியது இங்கே. அவரிடம் படித்து 1602இல் பட்டம் வாங்கியவர் வில்லியம் ஹார்வி. ரத்தம் சுற்றி வருகிறது என்ற முடிவுக்கு அவர் வர அந்த வால்வுகள் உதவின. 1678இல் எலெனா கொர்னாரோ பிஸ்கோபியா என்ற பெண் டாக்டர் பட்டம் பெற்றதும் இதே பல்கலைக்கழகத்தில். அவருக்கு முன்னால் எந்தப் பெண்ணும் தத்துவத்தில் அதைப் பெற்றதில்லை. மாளிகையின் மாடிப்படி அருகில் அவர் சிலை இருக்கிறது. நம் துறைக்கு அதைவிட நெருக்கமான ஒரு செய்தி: குழந்தை நோய்களைப் பற்றி அச்சேறிய முதல் புத்தகம் 1472இல் இந்த ஊரில்தான் வெளிவந்தது. எழுதியவர் பாவோலோ பஜெல்லார்தோ, இங்கே மருத்துவம் கற்பித்தவர்.

பாதோவாவில் ஸ்க்ரொவெஞி சிற்றாலயத்துக்கும் முன்பதிவு செய். முதலில் ஒரு கண்ணாடி அறையில் 15 நிமிடம் உட்கார வைத்து, காற்றின் ஈரம் சமனான பிறகே உள்ளே விடுவார்கள். உள்ளே 15 நிமிடம்தான். ஜொத்தோ 1305 வாக்கில் சுவர் முழுக்கத் தீட்டியிருக்கிறார். இரண்டை மட்டும் தேடிப் பார். ஒன்றில் பிரசவித்த மரியாள் படுத்தபடியே திரும்பிக் குழந்தையைக் கண்ணோடு கண் பார்க்கிறாள். மற்றொன்றில் ஏரோது அரசன் ஆணைப்படி குழந்தைகளைத் தாயிடமிருந்து பிடுங்கிக் கொல்கிறார்கள். ஃப்ளாரன்ஸ் இல்லத்துக்கு அந்தக் குழந்தைகளின் நினைவாகத்தான் இன்னொசெந்தி, அதாவது மாசற்றவர்கள், என்று பெயர் வைத்தார்கள்.

வெனிஸைப் பற்றி அதிகம் எழுதவில்லை, அந்த ஊரில் வழி தெரியாமல் நடப்பதே நல்லது. ஒன்று மட்டும் பார்த்துவிடு. சான் மார்க்கோ சதுக்கத்திலிருந்து நீர்க்கரை ஓரமாக நடந்தால் பியேத்தா தேவாலயம் வரும். பியேத்தாவும் கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லம்தான். 1703இல் அந்தோனியோ விவால்தி அங்கே பெண்களுக்கு வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். அவர் எழுதிய இசையில் நிறைய அந்தப் பெண்கள் வாசிப்பதற்காக எழுதியது. கம்பித் தட்டிக்குப் பின்னால் முகம் தெரியாமல் அவர்கள் வாசிப்பார்கள், கேட்க ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆள் வரும். இப்போது நிற்கிற தேவாலயம் 1741இல் அவர் இறந்த பிறகு கட்டியது. மாலையில் அங்கே கச்சேரி இருந்தால் டிக்கெட் எடுத்துப் போ. கேட்கும்போது உனக்குத் தொட்டில் பிள்ளைகள் நினைவுக்கு வருவார்கள். நம் பிள்ளைகளில் ஒருத்தி இப்போது நர்ஸாக இருக்கிறாள், உனக்குத் தெரியும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். நீ சைவம் என்பதால் ஃப்ளாரன்ஸில் ரிபொல்லித்தா கேள். கீரை, பீன்ஸ், பழைய ரொட்டி சேர்த்துக் காய்ச்சுவது. இறைச்சி சேர்த்திருக்கிறதா என்று ஒரு முறை கேட்டுக்கொள். அந்தப் பக்கத்து ரொட்டியில் உப்பு இருக்காது, ஊறுகாய் கொண்டு போனால் தப்பில்லை. காபியைக் கவுண்ட்டரில் நின்று குடித்தால் விலை குறைவு. பில்லில் கொபெர்த்தோ என்று ஆளுக்கு ஓரிரு யூரோ சேர்த்திருக்கும், அது வழக்கம்தான். மதியம் மூன்றிலிருந்து ஏழுவரை பல சாப்பாட்டுக் கடைகளில் சமையலறை மூடியிருக்கும். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சுடிதாரும் துப்பட்டாவும் போதும். தெருவெல்லாம் கல் பாவியது, புதுச் செருப்போடு போகாதே. பாஸ்போர்ட்டை அறையில் பூட்டி வைத்து நகலோடு வெளியே போ. ரயில் நிலையத்திலும் நீர்ப்பேருந்திலும் கைப்பை உன் முன்பக்கமே இருக்கட்டும்.

தனியாகச் சுற்றுவதைப் பற்றி உன் அம்மா பயப்படுகிறாளாம். நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வோர் இரவும் எந்த ஊர், எந்த ஹோட்டல் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போ, படுக்கும் முன் ஒரு செய்தி அனுப்பு. அவசரத்துக்கு அங்கே 112.

திட்டத்தைத் திருத்தி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. மையர் மருத்துவமனைக்கு எழுதுகிற மின்னஞ்சலை அனுப்புமுன் எனக்குக் காட்டு, ஒரு முறை படித்துப் பார்த்துத் தருகிறேன். ஸ்க்ரொவெஞி முன்பதிவுக்கு என் கார்டைப் போட்டுக்கொள், அது என் செலவு.

அன்புடன்
அத்தை